சாரலும் திறந்த மோட்டாரும்

குற்றாலத்துக்குப் போகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. அருவியில் நனைந்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு வகை. தென்காசி எல்லையிலிருந்தே நனைந்து கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மற்றொரு வகை. திறந்த மோட்டார் வைத்திருப்பவர்கள் அநேகமாய் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள்தான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர். ஆனி மாதம் பிறந்து மேல்காற்றும் எழும்பிவிட்டால், காசி விசுவநாதர் கோபுர வாசலில் நிற்கிறவர்களைப் பிடித்துத் தள்ளுகிறதே, அதே காற்று மலையின் உச்சியிலிருந்து சாரலை வாரிக் கொண்டு வந்து சாலை நெடுகத் தெளித்துக் கொண்டே இருக்கும். வெயிலும் சாரலும் ஒன்றையொன்று துரத்தி விளையாடும். மூடிய காரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடிக்கு அப்பால் இந்த விளையாட்டை வேடிக்கை பார்க்கிறார். திறந்த காரில் இருப்பவரோ விளையாட்டிலேயே சேர்ந்து கொள்கிறார். ரசிகமணி டி. கே. சி. குற்றாலத்தில் வாசம் செய்த நாட்களில் ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கினார்கள் அல்லவா? அவர்கள் தாழ்வாரத்தில் அமர்ந்து சாரலை அனுபவித்தார்கள். தாழ்வாரத்துக்குப் பிரேக் தேவையில்லை. ஓடுகிற தாழ்வாரத்துக்குத் தேவை.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. மனிதர்களுக்கு நனைவதில் ஆனந்தம். பழைய மோட்டாரின் பிரேக்குக்கு அது சத்துரு. குற்றாலத்துச் சாலையோ சமவெளிச் சாலையுமல்ல, முழு மலைப்பாதையும் அல்ல. ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போகும் வழியில் வளைவும் உண்டு, இறக்கமும் உண்டு, ஸீஸன் காலத்தில் தலையில் துண்டைக் கட்டிக் கொண்டு சாலையின் நடுவே உல்லாசமாய் நடக்கும் ஜனத்திரளும் உண்டு. இன்னும் சற்று உற்சாகம் மிகுந்து செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை "எஸ்" வளைவில் ஏறிக் கேரள எல்லைக்கே போய்விட்டால், திரும்பி இறங்கும்போது முன்னே ஒரு லாரி, பின்னே ஒரு லாரி. அந்த இடத்தில் ஐம்பது வருஷத்துக்கு முந்திய வண்டியின் பிரேக் பெடலில் கால் வைக்கிறவர் மனத்தில் என்ன ஓடும் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

தென்காசிப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் பழைய "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" திறந்த வண்டி ஒன்று நிற்பதாக வைத்துக் கொள்வோம். தாத்தா ஆசையோடு வாங்கியது. பேரன் அதற்குப் புது ஸ்பிரிங், டிஸ்க் பிரேக், பளபளவென்று அலுமினியச் சக்கரம் எல்லாம் போட வேண்டும் என்கிறான். "உங்க தாத்தா கை வெச்ச வண்டி. ஒரு ஆணியைக் கூட மாத்தக் கூடாது" என்கிறாள் ஆச்சி. "ஆச்சி! அதிலேதான் பிள்ளைகளை ஏத்திக்கிட்டு அருவிக்குப் போகணும். நிக்க வேண்டிய இடத்திலே நிக்கலேன்னா?" என்கிறாள் பேரன் பெண்டாட்டி. இந்த வழக்கில் இரண்டு கட்சியும் நியாயமான கட்சிதான். அதனாலேயே தீர்ப்புச் சொல்வது கடினமாயிருக்கிறது.

வழக்கு விசாரணைக்கு முன் வண்டியின் ஜாதகத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

திறந்த வண்டிகள் எத்தனையோ இருக்க, ஹெரால்டை எடுத்துக் கொண்டதற்குக் காரணம், அது நம் ஊர் வண்டி என்பதுதான். சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் "ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா" என்ற கம்பெனி அதை 1961-ஆம் ஆண்டு முதல் செய்தது. கம்பெனி 1948-இல் ஸ்தாபிக்கப்பட்டது. கல்கத்தாவின் அம்பாஸிடருக்கும் பம்பாயின் பியட்டுக்கும் பதில் சொல்லத் தமிழ் நாட்டின் சார்பில் நின்ற வண்டி என்று சொல்லலாம். எஞ்சின் 948 ஸி. ஸி. மட்டுமே. ஆனால் சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். தென்காசி ரத வீதியில் ஒரு மாட்டு வண்டி திரும்ப யோசிக்கும் இடத்தில் ஹெரால்டு யோசிக்காமல் திரும்பும். முன்பக்கத்து மூடி முழுவதும், மட்கார்டு, விளக்கு சகிதமாக, முதலை வாயைத் திறப்பது போல் முன்னால் கவிழும். கீழே படுக்காமலே எஞ்சினையும் முன் சக்கரங்களின் ஸ்பிரிங்கையும் பார்த்துவிடலாம். இந்த ஒரு சௌகரியத்துக்காகவே மெக்கானிக்குகள் இதனிடம் பிரியமாயிருந்தார்கள்.

இந்த வண்டி திறந்த வண்டியாக மாறுவதற்குத் தோதாக அமைந்ததே ஒரு தற்செயல்தான். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனியாருக்கு வண்டியின் உடலை அழுத்திக் கொடுத்து வந்த பிஷர் அண்டு லட்லோ என்ற கம்பெனியை 1953-இல் அவர்களுடைய போட்டிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். அக்காலத்தில் மற்றவர்கள் எல்லாம் கீழ்ச்சட்டமும் மேல் உடலும் ஒன்றாய்ச் சேர்ந்த வண்டிகளுக்கு மாறிக் கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு அப்படி முழு உடலைச் செய்து தர ஆள் இல்லை. ஆகவே பழைய முறையில் தனியாக ஓர் இரும்புச் சட்டம், அதன்மேல் சிறு சிறு பாகங்களாக முடுக்கிய உடல் என்று தீர்மானித்தார்கள். உருவத்தை வரைந்து கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. வண்டி 1959-இல் வெளிவந்தது. கூரையும் முடுக்கிய பாகங்களில் ஒன்று. அதைக் கழற்றித் துணி ஹூட்டைப் போட்டால் திறந்த வண்டி தயார். வறுமை சில சமயம் அழகாய் உடுத்திக் கொள்ளும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

தீப்பெட்டியின் உள் தட்டை மட்டும் வெளியே எடுத்து, இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எளிதில் முறுகும். உறைக்குள் செருகிவிட்டு முறுக்கினால் முறுகாது. அம்பாஸிடர், பியட் போன்ற வண்டிகளுக்குத் தனிச் சட்டம் கிடையாது. கூரையும் சேர்ந்துதான் வண்டிக்கு முதுகெலும்பு. அவற்றின் கூரையை அறுத்துவிட்டுத் திறந்த வண்டி என்று பவனி வருகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். நாலு மாதத்தில் கதவு சரியாய் மூடாது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் முன்கண்ணாடி விரிசல் காணும். இதெல்லாம் வண்டி முறுகுகிறதற்கு அடையாளம். மோதல் ஏற்பட்டாலோ கேட்கவே வேண்டாம். கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டுமானால் அத்தகைய வண்டி உதவலாம். அதிலும் மாப்பிள்ளை கனமாயில்லாமல் இருப்பது நல்லது.

சரி, இனிப் பிரேக்குக்கு வருவோம்.

ஓடுகிற வண்டியை நிறுத்துவது என்றால் அதன் வேகத்தை உஷ்ணமாக மாற்றுவது என்று அர்த்தம். வேறு மாயம் ஒன்றும் இல்லை. நாலு பேர் ஏறிய ஹெரால்டு ஏறக்குறைய 1,000 கிலோ இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அந்த வண்டியை ஒரே ஒரு தடவை நிறுத்தினால் உண்டாகிற உஷ்ணத்தில் அரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டு வந்துவிடலாம். வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு பேருக்குக் காப்பி போட அது போதும். மலையிலிருந்து 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, எஞ்சினின் உதவியில்லாமல் பிரேக்கை மட்டும் பிடித்துக் கொண்டே இறங்கினால், மூன்று லிட்டருக்கு மேல் கொதிக்கும். அந்தக் கொதிப்பு முழுவதையும் சக்கரங்களுக்குள் இருக்கும் நாலு சிறிய இரும்புச் சட்டிகள் தாங்கியாக வேண்டும்.

சட்டி என்று வேடிக்கைக்குச் சொல்லவில்லை. டிரம் பிரேக் என்பது கவிழ்த்து வைத்த சட்டிதான். உள்ளேயிருந்து இரண்டு கட்டைகள் அகன்று சட்டியின் உட்புறத்தை அழுத்துகின்றன. சட்டி சூடேறினால் விரியும். விரிந்தால் கட்டையிடமிருந்து விலகும். பெடல் முன்னைவிட ஆழமாய் இறங்கும். கட்டையின் மேலுள்ள லைனிங்கும் சூட்டில் பிடிமானம் குறையும். இறக்கத்தின் ஆரம்பத்தில் உறுதியாயிருந்த பெடல், முடிவில் பஞ்சு போலாவது இப்படித்தான். இது உஷ்ணத்தால் வருகிற கெடுதல். தண்ணீரால் வருகிறது வேறு. தேங்கிய நீரில் வண்டி இறங்கினால் சட்டிக்குள் தண்ணீர் புகும். புகுந்தது சீக்கிரம் வெளியே போகாது. அருவிக் கரையிலிருந்து கிளம்பியதும் முதல் திருப்பத்தில் பிரேக்கை அழுத்தினால், சில விநாடி ஒன்றுமே நடக்காது. அல்லது ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். பழைய டிரைவர்கள் தண்ணீரைத் தாண்டியவுடன் வண்டியை மெல்ல ஓட்டிக் கொண்டே இடது காலால் பிரேக்கை லேசாய்ப் பிடித்துக் காய வைப்பார்கள். நல்ல வழக்கம். இப்போது அதைப் பலர் மறந்துவிட்டார்கள், ஏனெனில் இப்போதைய கார்களுக்கு அது அவ்வளவாய் வேண்டியிருப்பதில்லை.

வேண்டாததற்குக் காரணம் டிஸ்க் பிரேக். சட்டிக்குப் பதில் ஒரு தட்டு. இரு புறமும் இரண்டு பட்டைகள் அதைக் கவ்வுகின்றன. தட்டு காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறும். சூடேறி விரிந்தாலும் பட்டைகளை நோக்கித்தான் விரியும், விலகாது. சுழலும் வேகத்தில் தண்ணீரை உதறிவிடும். லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1902-லேயே இந்த முறைக்குப் பேடண்டு வாங்கினார். உலகம் அதைக் கவனிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-இல் பிரான்ஸில் லெ மான் என்னுமிடத்தில் நடக்கும் 24 மணி நேர ஓட்டப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாக்குவார் வண்டிகள் ஜயித்தன. மற்றவர்கள் வளைவுக்கு வெகு தூரம் முன்னாலேயே வேகத்தைக் குறைக்க, ஜாக்குவார்காரர்கள் கடைசி நிமிஷம் வரையில் வேகத்தை விடவில்லை. வேகமாய் ஓடும் சாமர்த்தியத்தைவிட நிற்கும் சாமர்த்தியம் அந்தப் பந்தயத்தைத் தீர்மானித்தது. 1955-இல் பிரெஞ்சுக்காரரின் ஸிட்ரோயன் டி. எஸ்., 1956-இல் ஸ்டாண்டர்டு கம்பெனியின் சொந்தப் படைப்பான டிரையம்ப் டி. ஆர். 3 என்று டிஸ்க் பிரேக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. ஹெரால்டின் சட்டத்தையே சற்றுக் குறுக்கி அதன்மேல் 1962-இல் செய்த ஸ்பிட்பயர் என்ற சிறு பந்தய வண்டிக்கும் முன் சக்கரங்களில் டிஸ்க் போட்டார்கள். வண்டலூர் ஹெரால்டு மட்டும் நாலு சட்டியோடு நின்றுவிட்டது.

ஆகையால் ஹெரால்டுக்கு டிஸ்க் போடுவது அந்நியமான அவயவத்தை ஒட்டுவது ஆகாது. ஒன்றுவிட்ட தம்பியின் சட்டையை அண்ணன் போட்டுக் கொள்வது போலத்தான். ஸ்பிட்பயரின் முன் டிஸ்க் பாகங்கள் ஹெரால்டின் முன்புறத்தில் அறுக்காமல், பற்றவைக்காமல் பொருந்திவிடும். வேறு வண்டிகளின் டிஸ்க்கை இரும்புத் தகடு வெட்டிப் பொருத்துகிறவர்களும் உண்டு. அங்கேதான் கவனம் வேண்டும். இரண்டு அங்குலத் தகட்டில் குடும்பம் முழுவதும் தொங்குகிறது. அதைக் கண் மதிப்பில் வெட்டுகிற பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்துவிடுவதே நல்லது.

டிஸ்க்கைப் போட்டவுடன் காரியம் முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். டிரம் பிரேக்கில் ஒரு கட்டை தானாகவே சட்டியோடு இழுபட்டு அழுத்தத்தைக் கூட்டிக் கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. காலால் அதிகம் மிதிக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் பெண்ணாகவோ வயோதிகராகவோ இருந்தால் எஞ்சினின் உறிஞ்சு சக்தியால் இயங்கும் பூஸ்டர் ஒன்று அவசியம். பழைய மாஸ்டர் சிலிண்டர் டிஸ்க்குக்கு வேண்டிய அளவு எண்ணெய் தள்ளாது. டிரம் பிரேக்குக்காக அதன் வாயில் சற்று அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு ஒன்று உண்டு. அதை அப்படியே விட்டுவிட்டால் டிஸ்க் எப்போதும் லேசாய் உரசிக் கொண்டே ஓடும்; ஆலங்குளம் தாண்டுவதற்குள் புகை வரும். அது மட்டுமா? பழைய வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்க் குழாய்த் தொடர். எங்கேயாவது ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தால் நாலும் போயிற்று. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரட்டைத் தொடராக மாற்றுவது, டிஸ்க் போடுவதைவிட முக்கியமானது என்பது என் அபிப்பிராயம். வெளியே தெரியாத வேலை. பார்க்கிறவர்கள் மெச்ச மாட்டார்கள். அதனாலேயே பலர் செய்வதில்லை.

உற்சாகத்தில் பின் சக்கரங்களுக்கும் பலமான பிரேக் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது; பின் சக்கரம் இலேசாகிறது. அந்தச் சமயத்தில் பின் சக்கரம் முதலில் இறுகிவிட்டால், ஈரச் சாலையில் வண்டியின் வால் முன்னால் வந்துவிடும். சாலையைப் பார்த்துக் கொண்டிருந்தவர் வந்த வழியைப் பார்ப்பார். பின்னுக்குப் பழைய சட்டியே போதும்.

பிரேக் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும் சுபாவம் உடையது. குற்றாலத்துக் காற்றில் ஈரத்துக்கு என்ன குறைச்சல்? ஈரம் கலந்த எண்ணெய் சீக்கிரம் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் அழுங்குமே தவிர சக்கரத்தைப் பிடிக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பழையதை வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். இதற்கு ஆகும் செலவு குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலில் பார்டர் பரோட்டா சாப்பிடும் செலவுக்கு மேல் போகாது.

ஸ்பிரிங் விஷயத்தில் ஹெரால்டு ஒரு விசித்திரப் பிராணி. அதன் பின் சக்கரங்கள் தனித் தனியே மேலும் கீழும் ஆடும். நடுவேயுள்ள கியர்ப் பெட்டியிலிருந்து இரு புறமும் காக்கையின் சிறகு போல் இரண்டு அரை ஆக்சில்கள். அவற்றின் மேல் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். 1959-இல் இது பெரிய நவீனம். பள்ளம் மேட்டில் வண்டி சுகமாய்ப் போகும். ஆனால் வேகமாய் ஒரு வளைவில் நுழைந்து, பயந்து, திடீரென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்புறம் மேலே எழும்பி, வெளிப்பக்கத்துச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்க முயலும். பிடிமானம் அந்த நிமிஷத்தில் போய்விடும். அமெரிக்காவில் செவர்லே கோர்வெயர் என்ற வண்டியில் இதே மாதிரி ஆக்சில் செய்த விபரீதங்களைப் பற்றி ரால்ப் நாடர் 1965-இல் ஒரு புஸ்தகம் எழுதி, மோட்டார் கம்பெனிகளையெல்லாம் கலக்கிவிட்டார். இதில் இன்னொரு வேடிக்கை, குடும்பம் முழுவதும் ஏறி உட்கார்ந்திருக்கும்போது பின்புறம் தாழ்ந்து சக்கரங்கள் கால் அகட்டி நிற்பதால் அபாயம் குறைவு. எல்லோரையும் இறக்கிவிட்டு, "பழங்கள் வாங்கி வருகிறேன்" என்று தனியே பறக்கிற போதுதான் அபாயம் அதிகம்.

இங்கிலாந்தில் இதற்குப் பரிகாரம் இரண்டு கண்டார்கள். 1968-இல் ஜி. டி. 6 என்ற வண்டிக்கு ரப்பர் இணைப்பும் அடிக் கையும் கொடுத்து ஆக்சிலையே மாற்றினார்கள். அது செலவு பிடித்த வழி. 1970-இல் ஸ்பிட்பயருக்குச் செய்தது மலிவான வழி. பட்டை ஸ்பிரிங்கின் தட்டுகளையெல்லாம் இறுக்கி முடுக்காமல், கடைசித் தட்டை மட்டும் முடுக்கி, மற்றவை நடுவில் தராசுக் கோல் போல் சாய்ந்தாட விட்டுவிட்டார்கள். பள்ளத்தில் ஸ்பிரிங் வேலை செய்யும். வளைவில் வண்டியைத் தூக்கி எறியாது. அதோடு முன்புறம் சாய்வைத் தடுக்கும் கம்பியைச் சற்றுப் பருமனாக்கினார்கள். பழைய ஹெரால்டுக்குப் பொருத்தமான மருந்து இதுவே. வண்டலூர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1970-களில் வெளிவந்த "கஜல்" வண்டியில் இந்தச் சிறகையே வெட்டிவிட்டு, பழைய காலத்து ஒற்றை ஆக்சிலைப் போட்டார்கள். நம் ஊர்ச் சாலையும் நம் ஊர் டிரைவரும் அவர்களுக்குத் தெரியும்.

புது ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஹெரால்டின் முன் சக்கரங்களைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் துண்டு, அடியில் மரையோடு ஒரு வெண்கலக் குமிழில் திரும்புகிறது. அந்தக் குமிழுக்குக் கனமான கியர் எண்ணெய் கொடுக்க வேண்டும். கிரீஸ் கொடுத்தால் உள்ளே இறுகிப் போய், மரைக்கு உயவு கிடைக்காமல் துரு ஏறும். பிறகு ஒரு நாள், பெரும்பாலும் வண்டியைத் திருப்பும்போது, அந்த இரும்பு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். வண்டிக்குக் கிரீஸ் அடித்து விட்டேன் என்று பெருமையாய்ச் சொல்லும் பையனிடம் இந்தக் குமிழை ஒப்படைக்கக் கூடாது. அதே போல் ரப்பர்ப் புஷ்கள். ஐம்பது வருஷத்து ரப்பர் கருவாடு மாதிரி காய்ந்து போயிருக்கும். அவற்றையும் ஷாக் அப்ஸார்பரையும் புதிதாக்கினாலே, "நவீன ஸ்பிரிங்" போட்டால் கிடைக்கும் என்று எதிர்பார்த்த சுகத்தில் பாதி கிடைத்துவிடும். வண்டியை ஓரடி தாழ்த்தி அழகு பார்க்க விரும்புகிறவர்கள், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று முதலில் எண்ணிவிட்டு வரட்டும்.

சக்கரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பழைய குறுக்கு நூல் டயரை எடுத்துவிட்டு ரேடியல் டயர் போடுவது நிச்சயம் நல்லது. ஆனால் நாலும் ஒன்றாய் இருக்க வேண்டும். முன்னால் ரேடியல், பின்னால் பழையது என்று கலந்தால் முன் பிடிக்கும், பின் வழுக்கும். பதிமூன்று அங்குலச் சக்கரமும் 155 மில்லிமீட்டர் அகல டயரும் இந்த வண்டிக்குத் தாராளம். அகலமான டயர் பார்வைக்குக் கம்பீரமே. தண்ணீரின் மேல் மிதப்பதிலும் அது கெட்டிக்காரத்தனம் காட்டும். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்திக் கொண்டு நின்றால் பேரிங்குக்கும் சிறிய முன் அச்சுக்கும் பாரம் பன்மடங்கு ஏறும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். "2319" என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்தது. வருஷத்தில் இரண்டு முறை மட்டும் ஓடுகிற வண்டியில் டயர் தேயாது, கிழடாகும். பள்ளம் புதிதாயிருக்கிறதே என்று மயங்க வேண்டாம்.

இந்தச் சாமான்களுக்குச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. 1953-இல் வரிக் கமிஷனார், இந்நாட்டில் உற்பத்தி செய்ய உத்தேசமில்லாத மோட்டார் கம்பெனிகள் மூட்டை கட்டலாம் என்று சிபாரிசு செய்த பிறகு, தமிழ் நாட்டில் மோட்டார் உறுப்புத் தொழில் மளமளவென்று வளர்ந்தது. சென்னைப் பாடியில் 1960-இல் வீல்ஸ் இந்தியா, 1962-இல் பிரேக்ஸ் இந்தியா. இவை டி. வி. எஸ். குடும்பத்து ஸ்தாபனங்கள். அக்குடும்பத்தின் மூல புருஷர் டி. வி. சுந்தரம் ஐயங்கார் நம் திருநெல்வேலிச் சீமைத் திருக்குறுங்குடிக்காரர். பலூன் செய்து கொண்டிருந்த மெட்ராஸ் ரப்பர் பாக்டரி 1961-இல் டயருக்கு வந்தது. ஒரு ஹெரால்டை நிறுத்தத் தேவையான சகலமும் சென்னையைச் சுற்றியே பிறக்கிறது. வண்டியைச் செய்த வண்டலூர்க் கம்பெனி மட்டும் இன்று இல்லை.

இனி ஆச்சியின் கட்சிக்கு வருவோம். "ஒரு ஆணியைக் கூட மாத்தக் கூடாது" என்று அவள் சொன்னது வெறும் பாசம் என்று நினைக்க வேண்டாம். சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி சொந்தக்காரர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மலைக்கு அந்தப் புறம், கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை மிகவும் கண்டிப்பாக எடுத்துரைத்தது. அதே ஆண்டில் செய்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே மூடிய வண்டியாகப் பதிவான ஹெரால்டின் கூரையைக் கழற்றித் திறந்த வண்டியாக்குவது, யந்திர சாஸ்திரத்துக்குச் சம்மதமாயிருந்தாலும் சட்டத்துக்குச் சம்மதமல்ல. தேய்ந்த ஷாக் அப்ஸார்பருக்கும் ரப்பருக்கும் பதில் அதே மாதிரி புதிது போடுவதை யாரும் மாற்றம் என்று சொல்ல மாட்டார்கள். டிஸ்க் பிரேக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிளம்பும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுவது உத்தமம். விபத்து நேர்ந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விகளுக்கு அந்தக் கடுதாசிதான் பதில் சொல்லும்.

2021-இல் மத்திய சர்க்கார் புராதன வண்டிகளுக்குத் தனி விதி செய்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் "வி. ஏ." என்ற எழுத்துக்களுடன் தனி நம்பர் கிடைக்கும். ஆனால் சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்காட்சி, புராதன வண்டி ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் முதலியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறங்கலாம். தினப்படி உபயோகம் கிடையாது. சாரல் குளியல் அந்த ஜாபிதாவில் இல்லை. வண்டிக்குக் கௌரவம் வேண்டுமா, குற்றாலம் வேண்டுமா என்று குடும்பம் தீர்மானித்துக் கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால், அறுக்காமல், துளையிடாமல், பற்றவைக்காமல் செய்யக்கூடிய வேலையை மட்டும் அனுமதி பெற்றுச் செய்யலாம் என்பேன். முதலில் எண்ணெய்க் குழாயும் இரட்டைத் தொடரும், அடுத்து குமிழ், ரப்பர், ஷாக், பிறகு டயர், அதன் பிறகு, காகிதம் கைக்கு வந்தால், முன் டிஸ்க். அலுமினியச் சக்கரம் பேரனின் அடுத்த காருக்கு இருக்கட்டும். கழற்றிய சட்டி, கட்டை, பழைய பட்டை ஸ்பிரிங் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிக் கோணியில் சுற்றி, எது எந்தப் பக்கத்தது என்று அட்டையில் எழுதிக் கட்டி, மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட வேண்டும். நாளைக்கு யாராவது தாத்தாவின் வண்டியைத் தாத்தா ஓட்டினபடியே பார்க்க ஆசைப்பட்டால் ஒரு நாள் வேலையில் திருப்பி மாட்டலாம். இதற்கு ஆச்சியும் சம்மதிப்பாள். நாலடி நீளமுள்ள ஸ்பிரிங்கை வெண்கலப் பாத்திரங்களின் மேல் வைக்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனையோடு.

திறந்த வண்டிக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. குளித்துவிட்டு வீடு வந்ததும் நனைந்த ஹூட்டை அப்படியே மடித்துக் கட்டிவிடக் கூடாது. பூசணம் பூத்துத் தையல் இற்றுவிடும். நன்றாய் உலர்ந்த பிறகே மடிக்க வேண்டும். ஸீஸன் நாட்களில் தென்காசியில் வெயிலை நம்புவதற்கில்லை. ஹூட்டை உலர்த்தப் பாவூர்ச்சத்திரம் வரையில் கிழக்கே போய் வர வேண்டியிருக்கும்.